ஒத்திகையிலிருந்து வெட்டி ஒட்டினால் கச்சேரி ஆகுமா?

கேள்வி: எங்கள் பிராஸ் பேண்டில் (பித்தளை ஊதுகருவிக் குழுவில்) 26 பேர். அடுத்த கச்சேரியை அரங்கிலேயே பதிவு செய்து ஆல்பமாக வெளியிட ஆசை. பதிவு செய்ய வருபவர், "ஒவ்வொரு கருவிக்கும் ஒரு மைக் வைக்கிறேன். பிசிறு தட்டினால் ஒத்திகைப் பதிவிலிருந்து எடுத்து ஒட்டிவிடலாம்" என்கிறார். நம்பலாமா? இல்லை, ஸ்டுடியோவுக்கே போய்விடலாமா?

பதில்: ஸ்டுடியோ வேண்டாம். தாழ்ந்த கூரைக்குக் கீழே 26 பேர் முழு மூச்சில் ஊதினால் காதைக் குத்தும் இரைச்சல்தான் மிஞ்சும். ஆள் நிறைந்த அரங்கில் மெல்லத் தொடங்கி உச்சத்துக்கு ஏறும் அந்த ஏற்றம் வேறெங்கும் கிடைக்காது. ஆனால் அந்த "ஒட்டிவிடலாம்" என்ற பேச்சை நம்பாதீர்கள்.

குழாய்க்குள் இருக்கும் காற்று சூடானால் அதில் ஒலி வேகமாக ஓடும், சுருதி ஏறும். காலையில் காலி அரங்கில் ஒத்திகை. மாலையில் ஆட்கள், விளக்குச் சூடு. 5 டிகிரி கூடினாலே பித்தளைக் கருவிகளின் சுருதி அரைச் சுரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஏறிவிடும். ஒட்டிய இடத்தில் காது உடனே இடறும். மென்பொருளில் சுருதியை ஏற்றிச் சரிசெய்வேன் என்பார். குளோக்கன்ஸ்பீல் என்ற தட்டி வாசிக்கும் கருவியின் உலோகத் தகடுகள் சூட்டில் நேர்மாறாகச் சற்று இறங்குபவை. மொத்தமாக ஏற்றினால் அது தனியே துருத்திக்கொண்டு நிற்கும். எதிரொலியும் பொருந்தாது. காலி நாற்காலி திருப்பி அனுப்பும் ஒலியை உட்கார்ந்திருக்கும் மனித உடலும் துணியும் விழுங்கிவிடும்.

ஒட்டு நிற்கும் இடம் ஒன்று உண்டு: கச்சேரி முடிந்த கையோடு எடுப்பது. 15 நிமிடத்துக்குள் தொடங்க வேண்டும். மைக்கைத் தொடக் கூடாது, நாற்காலியை நகர்த்தக் கூடாது, கதவுகளைத் திறந்து போடக் கூடாது. ரசிகர்களில் பாதிப் பேரையாவது உட்காரச் சொல்லுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு உட்காருவார்கள். கெட்டுப்போன இடத்துக்கு 8 தாளக் கட்டம் (bar) முன்னால் தொடங்கி, 4 கட்டம் தாண்டி நிறுத்துங்கள். அந்த ஒரு சுரத்தை மட்டும் ஊதவைத்தால் அது ஒட்டாது. முன்னால் ஒலித்ததன் எதிரொலி அதன் அடியில் இருக்காதே! உதடு களைத்திருக்கும் என்பதால் மிக உயர்ந்த சுரங்களை ஊதும் சோப்ரானோ கார்னெட் வரும் இடங்களை முதலில் முடியுங்கள், தாழ்ந்த சுரங்களை ஊதும் டியூபா பிறகு வரட்டும். வெட்டி ஒட்டும் இடத்தைச் சுரம் பலமாகத் தொடங்கும் இடத்தில் வையுங்கள், நீண்டு நிற்கும் சுரத்தில் வைக்காதீர்கள். இதைவிட நல்ல வழி, அதே அரங்கில் அதே நிகழ்ச்சியை இரண்டு மாலைகள் நடத்த முடிந்தால் இரண்டையும் பதிவு செய்துகொள்வது.

சின்னப் பிசிறு ஒன்று போகட்டும் என்று விட்டுவிடலாமா? அரங்கில் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் பத்தாவது முறை கேட்பவர் அந்த இடம் எப்போது வரும் என்று காத்திருப்பார். தனி வாசிப்பில் பிசிறினால் திருத்துங்கள், கூட்டத்தில் பிசிறினால் விடுங்கள்.

இனி மைக். 26 வைத்தால் 26 மடங்கு தெளிவு வராது. இடப்பக்கக் கார்னெட்டுகள் குறுக்கே ஊதுகின்றன. ஹார்ன், யூஃபோனியம், டியூபா மூன்றும் மேல்நோக்கி ஊதுகின்றன. எல்லாம் கலந்து இசையாவது தலைக்கு மேலேதான். அருகில் வைத்த மைக்குக்கு வால்வு தட்டும் சத்தமும், பக்கத்துக் கருவிகள் மீட்டருக்கு 3 மில்லி விநாடி தாமதமாக வருவதும் சேர்ந்தே கேட்கும். எல்லாவற்றையும் கலக்கும்போது கூழாகும். கார்டியாய்டு மைக் (முன்பக்க ஒலியை அதிகம் வாங்குவது) இரண்டு, 17 செ.மீ. இடைவெளி, 110 டிகிரி விரிவு, பேண்டை வழிநடத்தும் நடத்துநருக்கு 2–3 மீட்டர் பின்னால், 3 மீட்டர் உயரம். இங்கிருந்து தொடங்கிக் கேட்டுக் கேட்டு நகர்த்துங்கள். தனி வாசிப்பாளருக்கு ஒன்று, தாளக் கருவிகளுக்கு ஒன்று துணைக்குப் போதும். பதிவுக் கருவியின் அளவுமானியில் ஒத்திகையின் உச்சம் மைனஸ் 18 டெசிபலில் நிற்கட்டும். மாலையில் 6 டெசிபல் கூடுதலாக ஊதுவார்கள். தானாக அளவு கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், அது பேண்டின் ஏற்றத்தைத் தட்டையாக்கிவிடும்.

மைக் எண்ணிக்கையைக் காட்டிக் கட்டணத்தை ஏற்றுபவர் பெரும்பாலும் இன்னொன்றும் செய்வார்: மூலக் கோப்புகளைத் தன்னிடமே வைத்துக்கொள்வார். பிறகு ஒவ்வொரு திருத்தத்துக்கும் அவர் வாசலில் நிற்க வேண்டும். எல்லாத் தடங்களும் 24 பிட் வேவ் (WAV) கோப்புகளாக ஒரு வாரத்துக்குள் உங்கள் கைக்கு வரும் என்று எழுதி வாங்குங்கள். குறைந்தபட்சம் இத்தனை பிரதி வாங்க வேண்டும் என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள்.

"பாட்டைப் பதிவு செய்து வெளியிடும் உரிமமும் அரங்கக் கட்டணத்தில் அடங்கும்" என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். மேடையில் வாசிக்க ஓர் அனுமதி, பிரதி எடுக்க ஓர் அனுமதி, காணொளியாக வெளியிட ஓர் அனுமதி. ஒரே பாட்டுக்கு மூன்று கதவு தட்டவைக்கும் இந்த ஏற்பாட்டை யார் யோசித்தார்களோ! இசையமைப்பாளர் இறந்து நூறாண்டு ஆகியிருந்தாலும், பேண்டுக்கு அதை மாற்றி எழுதியவரின் உரிமை தனி. நீங்கள் வாசிக்கும் இசைத் தாளில் அவர் பெயர் இருக்கும், பாருங்கள்.

நடத்துநரிடமும் சொல்லிவையுங்கள்: கடைசிச் சுரம் ஓய்ந்த பிறகும் 4 விநாடி கை இறங்கக் கூடாது. கை இறங்கினால் கைதட்டல் எழும். எதிரொலியின் மேல் விழுந்த கைதட்டலை எந்த மென்பொருளாலும் சுத்தமாகப் பிரிக்க முடியாது.