சத்தம் கூடினால் சைலன்சரைத்தான் மாற்ற வேண்டுமா?

கேள்வி: 2021-ல் வாங்கிய 350 சிசி பைக் வைத்திருக்கிறேன். வாங்கிய சில மாதத்திலேயே கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு வெளியில் ஒன்று வாங்கி மாட்டினேன். ஒரு மாதமாகச் சத்தம் காதைப் பிளக்கிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் ‘பட் பட்’ என்று வெடிக்கிறது, மைலேஜும் குறைந்துவிட்டது. மாட்டிக்கொடுத்த கடையில், “உள்ள கெட்டுப் போயிடுச்சு சார், புதுசு போட்டுடுங்க” என்கிறார்கள். போடலாமா?
– வேளச்சேரி வாசகர்

பதில்: உடனே போட்டுவிடாதீர்கள். வெடிப்பும் மைலேஜ் குறைவும் சேர்ந்து வந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது இன்ஜினும் பெண்ட் பைப்பும் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாய்) சேரும் இடத்தில் இருக்கும் பேக்கிங்கைத்தான், அதாவது புகை கசியாமல் அடைக்கும் வளையத்தைத்தான். அது நைந்துவிட்டால், ஆக்ஸிலரேட்டரை மூடும்போது வெளிக்காற்று உள்ளே போய், எரியாமல் வந்த பெட்ரோல் குழாய்க்குள்ளேயே வெடிக்கும். உங்களுடையது பிஎஸ்6 (புகை மாசு விதி) வண்டி, புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளக்கும் சென்சார் இருக்கும். புகுந்த காற்றைப் பார்த்து அது ‘பெட்ரோல் போதவில்லை’ என்று தகவல் கொடுக்க, இசியு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், இன்னும் கொஞ்சம் பெட்ரோலை விடும். மைலேஜ் அங்கேதான் போகிறது.

காலையில் வண்டி நன்றாக ஆறியிருக்கும்போது குனிந்து அந்த இணைப்பைப் பாருங்கள். கண்மை தீற்றியது போலக் கரிக்கோடு ஓடியிருந்தால் கசிவு அங்கேதான். கண்ணுக்குத் தெரியவில்லையா? ஷாம்பு கலந்த தண்ணீரை இணைப்புகளில் தடவி ஸ்டார்ட் செய்யுங்கள். கசிகிற இடத்தில் நுரை கொப்பளிக்கும். பைப் சூடாவதற்குள் பார்த்து முடித்துவிடுங்கள். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம், அந்தப் புகை ஆளைக் கொல்லும். திறந்தவெளிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பேக்கிங் நன்றாக இருந்தால் அடுத்தது சைலன்சர். ஆறிய சைலன்சரைக் கையால் தட்டுங்கள். உள்ளே ‘கடகட’வென ஆடினால் தடுப்புத் தகடு விட்டுவிட்டது. ஆட்டமே இல்லாமல் சத்தம் மட்டும் நாளுக்கு நாள் ஏறியிருந்தால், சத்தத்தை உறிஞ்ச உள்ளே சுற்றிய கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) எரிந்து தீர்ந்திருக்கும். ரிவெட் அடித்த சைலன்சர் என்றால் அதைப் பிரித்துப் புது வூல் சுற்றலாம், முழு சைலன்சர் வாங்கத் தேவையில்லை. அடிப்பக்கம் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தும்போது துருவேறிய தகடு உள்வாங்கினால்தான் அதன் ஆயுள் முடிந்தது. அதன்மேல் வெல்டிங் வைத்தாலும் பக்கத்திலேயே அடுத்த ஓட்டை விழும்.

நம் ஊரில் இந்தத் துருவுக்குக் கடற்காற்றையும் மழைத்தண்ணீரையும் மட்டும் குறை சொல்கிறோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே போக வேண்டும். வேளச்சேரியிலிருந்து தரமணி வரை போய் நிறுத்திவிட்டால் சைலன்சர் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. ஆவி உள்ளேயே தண்ணீராகித் தேங்கி அரிக்கிறது. வாரம் ஒருமுறையாவது அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால், என் கருத்தில் கம்பெனி சைலன்சருக்கே திரும்பிவிடுங்கள். வெளிச்சைலன்சரின் சத்தம் உங்கள் தெருவில் தூங்கும் குழந்தையையும் எழுப்புகிறது. 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்குத் தயாரிப்பு நிலையில் வைத்திருக்கும் வரம்பே 80 டெசிபல்தான். விதியை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். 3 மாதத்துக்கு லைசென்ஸ் தகுதியும் போகும்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழைய பேக்கிங்கையே திரும்பப் போட விடாதீர்கள், நசுங்கியது மறுபடி பிடிக்காது. துருப்பிடித்த ஸ்டட்டை (நட்டு ஏறும் மரைக்கம்பி) எடுத்தவுடன் முறுக்கினால் முறிந்து லேத் வேலையில் கொண்டுபோய் விடும். முந்தின இரவே துரு நீக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடச் சொல்லுங்கள். எல்லா நட்டையும் முதலில் கையால் ஏற்றிவிட்டு, இன்ஜின் பக்கத்து நட்டுகளை மாற்றி மாற்றி இறுக்கி, சைலன்சரை வண்டியோடு பிடித்திருக்கும் தாங்கி போல்ட்டைக் கடைசியில்தான் இறுக்க வேண்டும். வரிசை மாறினால் பைப் இழுத்துப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் மறுபடி கசியும்.

கேள்வி: புதுப்பேட்டையில் ‘ஒரிஜினல்’ பழைய சைலன்சர் பாதி விலைக்குச் சொல்கிறார்கள். நம்பலாமா?
– பெரம்பூர் வாசகர்

பதில்: டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். பிஎஸ்6 வண்டியின் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் விலை உயர்ந்த பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் அதை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி வெல்டிங் வைத்துவிடுவது உண்டு. உங்கள் மாடலில் கன்வெர்ட்டர் பெண்ட் பைப்பிலா சைலன்சரிலா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டு, அந்த இடத்தில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். தேன்கூடு போன்ற நுண்ணிய கண்ணறைகள் தெரிய வேண்டும். வெறும் குழாயாக இருந்தாலோ, உடம்பில் புது வெல்டிங் தழும்பு இருந்தாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பில் தர மறுக்கும் கடையில் எதையும் வாங்காதீர்கள். பில் இருந்தால்தான் நாளை 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லும்போது உங்கள் பேச்சு எடுபடும்.