கொரங்காட்டை உழுதுவிடலாமா?

கேள்வி: தாராபுரம் பக்கம் அப்பா விட்டுப்போன 8 ஏக்கர் கொரங்காடு (வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலம்) இருக்கிறது. போர் போட்டு மக்காச்சோளமோ தென்னையோ வைக்கலாமா, இல்லை ஆடு மாடே வளர்க்கலாமா? மாடுகளால் பூமி சூடாகிறது என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: தயவுசெய்து முழுக்க உழுதுவிடாதீர்கள். 6 ஏக்கரை மேய்ச்சலுக்கே விட்டுவிட்டு, 2 ஏக்கரில் மட்டும் மானாவாரியாகச் சோளமும் கொள்ளும் விதையுங்கள். சோளத்தட்டு உங்கள் மாட்டுக்கே தீவனமாக ஆகும்.

மக்காச்சோளத்துக்குப் பல்லடம், நாமக்கல் கோழிப்பண்ணைகளில் எப்போதும் தேவை இருக்கிறது. ஆனால் 2018 முதல் படைப்புழு மருந்துச் செலவை ஏற்றிவிட்டது. தென்னையில் சுருள் வெள்ளை ஈ. இரண்டுக்கும் தண்ணீர் வேண்டும். உங்கள் பக்கம் வருட மழையே 600 மி.மீ. சுற்றித்தான். விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் போர்த் தண்ணீரின் விலை யாருக்கும் தெரிவதில்லை. பக்கத்துக் கிணறு வற்றும்போதுதான் தெரிகிறது.

கொரங்காடு அந்த மழைக்கென்றே அமைந்தது. கீழே கொழுக்கட்டைப் புல், மேலே வெள்வேல், சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி. கோடையில் புல் காய்ந்து கிடக்கும் நேரத்தில் வெள்வேல் காய் உதிரும். ஆடுகள் மரத்தடியை விட்டு நகராது. உரமும் தண்ணீரும் கேட்காத தீவனம் இது.

நாட்டின் வேளாண் வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் கால்நடையிலிருந்து வருகிறது. வெள்ளாமை பொய்த்த வருஷத்திலும் ஆடியிலோ தீபாவளிக்கோ நாலு கிடாயை விற்றுக் குடும்பத்தை ஓட்டலாம். இந்த வருமானம் சிறு விவசாயியைக் கடனிலிருந்து காப்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

சரி, மாடுகளால் பூமி சூடாகிறதா? உண்மைதான், அவை வெளிவிடும் மீத்தேன் வாயுதான் காரணம். இந்திய வேளாண்மை வெளிவிடும் பசுங்குடில் வாயுக்களில் பாதிக்கு மேல் அசைபோடும் கால்நடைகளின் வயிற்றிலிருந்து வருகிறது. காங்கேயம் மாடு பால் குறைவாகக் கறப்பதால், ஒரு லிட்டர் பாலுக்கு வரும் மீத்தேன் கலப்பின மாட்டைவிட அதிகம்தான். ஆனால் கலப்பின மாட்டுக்குப் பசுந்தீவனம், கலப்புத் தீவனம், அதற்கெல்லாம் தண்ணீர். அதோடு, வருஷக்கணக்கில் புல்வேர் மண்ணில் சேர்த்த கரிமம், நிலத்தைத் திரும்பத் திரும்ப உழும்போது காற்றில் கலந்துவிடும். அதனால் மாட்டைக் குறைத்து, செம்மறியைக் கூட்டுங்கள். வெள்ளாடு வேண்டாம், வெள்வேல் கன்றை வளரவிடாது.

6 ஏக்கரையும் கிளுவை வேலியால் மூன்று நான்கு துண்டாகப் பிரித்து மாற்றி மாற்றி மேயவிடுங்கள். கிளுவைப் போத்தை (கிளைத் துண்டை) வெட்டி நட்டாலே பிடித்துக்கொள்ளும். ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு துண்டின் கடவை (நுழையும் வழியை) அடைத்துவிடுங்கள். புல் பூத்து விதை உதிர்ந்த பிறகுதான் அங்கே ஆடு இறங்க வேண்டும். புல் தேய்ந்த இடத்தில் விதை தூவுவதானால் புது விதை சரியாக முளைக்காது. ஆறு மாதமாவது வைத்திருந்து மழைக்கு முன் தூவுங்கள்.

அப்புறம், காங்கேயம், வெள்ளகோவில் பக்கமெல்லாம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கொல்வது பெரிய பிரச்சினையாகிவிட்டது. ராத்திரிக்குக் கிளுவை வேலியை மட்டும் நம்பாதீர்கள். ஆடு வாங்குவதற்கு முன்பே உயரமான கம்பிவலைப் பட்டி ஒன்று போட்டுவிடுங்கள்.