புது நினைவு நாணயங்களைச் சேர்த்து வைத்தும் ஏன் விலை ஏறவில்லை?
காரணம் மிகை உற்பத்தி, அதாவது விரும்பிச் சேர்ப்பவர்களின் எண்ணிக்கையைத் தாண்டி நாணயம் அடித்துத் தள்ளுவது. அமெரிக்கா 1999 முதல் 2008 வரை 50 மாநிலங்களுக்கும் தனித்தனி வடிவத்தில் கால் டாலர் வெளியிட்டது. மொத்தம் 3,000 கோடி நாணயங்களுக்கும் மேல். அதைவிடப் பெரிய சிக்கல், ஏராளமானோர் அதைப் புதுசாகவே எடுத்து வைத்ததுதான். முன்பெல்லாம் காசு கை மாறி, முகமும் எழுத்தும் மழுங்கி, தொலைந்து, உருக்கப்பட்டு, பளபளப்பு குலையாமல் தப்பியது கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்துக்குத்தான் விலை. பழைய செய்தித்தாள் மாதிரி: எல்லோரும் தூக்கிப் போட்டால்தான் ஒருவர் வைத்திருக்கும் பிரதி அரிது, வீட்டுக்கு வீடு கட்டி வைத்திருந்தால் யார் வாங்குவார்?

அப்புறம், பழசு என்றாலே விலை போகும் என்பதும் தவறு. 1,600 வருடப் பழைய ரோமானியச் செப்புக்காசுகள் குவியலாகக் கிடைப்பதால் தேய்ந்தவை இன்றும் மலிவுதான்.