ரகசியக் கடிதங்களை அச்சிட்ட தியோனை மன்னர் ஏன் தண்டிக்கவில்லை?

ஷெவாலியே தியோன் (1728–1810) பிரெஞ்சு ராஜதந்திரி. 1764-ல் மேலதிகாரிகளோடு சண்டை போட்டுக்கொண்டு, தூதரகக் கடிதங்களை லண்டனில் புத்தகமாகவே அச்சிட்டார். ஆனாலும் 1766-ல் மன்னர் பதினைந்தாம் லூயி அவருக்கு ஆண்டுக்கு 12,000 லீவ்ர் (அக்காலப் பிரெஞ்சுப் பணம்) உதவித்தொகை கொடுத்தார்.

காரணம், 'மன்னரின் ரகசியம்' என்ற அமைப்பு. வெளியுறவு அமைச்சருக்கே தெரியாமல் லூயி தனியாக நடத்திய தூதுவர், ஒற்றர் வலை அது. போலந்து அரியணைக்காகத் தொடங்கிய விளையாட்டு, வளர்ந்துகொண்டே போனது. தியோன் அதில் ஓர் ஆள். 1763-ல் பாரிஸ் உடன்படிக்கையால், பிரான்சும் இங்கிலாந்தும் எதிரெதிராக நின்ற ஏழாண்டுப் போர் முடிந்த கையோடு, இங்கிலாந்தின் மீது படையெடுக்க வழி பார்க்கும் ரகசிய வேலையில் லூயி அவரையும் சேர்த்தார். அந்த ஆணைகளைத் தியோன் அச்சிடவில்லை, பத்திரமாக வைத்துக்கொண்டார். அங்கேதான் கெட்டிக்காரத்தனம்! வெளியே வந்தால் மறுபடி போர் மூளலாம். முதலாளியின் இரண்டாம் நம்பர் நோட்டைக் கையில் வைத்திருக்கும் கணக்குப்பிள்ளையை யார் வேலையை விட்டு அனுப்புவார்கள்?

அப்புறம் 1775-ல், பதினாறாம் லூயி காலத்தில், நாடகாசிரியர் பொமார்ஷே பேரம் பேசி அந்தக் காகிதங்களை மீட்டார். தான் பெண்ணாகவே பிறந்ததாகத் தியோன் சொல்லிவந்ததால், பெண்ணுடையில்தான் வாழவேண்டும் என்ற நிபந்தனையும் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அவர் இறந்தபின் பரிசோதித்த மருத்துவர்கள் ஆண் உடல் என்றார்கள்.

பெண் வேடத்தில் ரஷ்ய அரசி எலிசபெத்தின் அரண்மனைக்குள் நுழைந்து உளவு பார்த்தார் என்று பலரும் எழுதுவதற்கு அக்கால ஆதாரம் கிடையாது. பீட்டர்ஸ்பர்க்கில் அவர் வெறும் தூதரகச் செயலாளர்.