ஒரே கிறிஸ்மஸ் கதையை ஆளாளுக்கு ஒரு விதமாக எடுத்துக்கொள்வது ஏன்?

இயேசு பிறந்த கதையைக் கேட்டு வீட்டில் ஒருவர் கண்கலங்குகிறார், ஒருவர் “இதெல்லாம் நடந்ததா?” என்கிறார், இன்னொருவர் கண்டுகொள்வதே இல்லை. ஏன் இப்படி, உங்களுக்கு அந்தக் கதை என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பிரசவ வார்டில் 26 வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள். பாளையங்கோட்டைப் பக்கம், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். எனக்குத் தெரிந்த வழியாகத்தான் சொல்ல முடியும்.

பன்னிரண்டு வயதில் எங்கள் ஊர்க் கோயிலில் போட்ட கிறிஸ்மஸ் நாடகத்தில் நான்தான் மரியாள். அம்மாவின் நீலச் சேலையை முக்காடாகப் போட்டு ஊக்கு குத்திவிட்டிருந்தார்கள். சத்திரக்காரன் “இடமில்லை, போ போ” என்று கதவைச் சாத்தியதும் டியூப் லைட்டை எல்லாம் அணைத்துவிடுவார்கள். அந்த இருட்டில் நான் பெஞ்சுக்கு அடியில் கைவிட்டு, ஒளித்து வைத்திருந்த பொம்மையை எடுத்து வைக்கோலில் கிடத்த வேண்டும். திரைக்குப் பின்னாலிருந்து டீச்சர் “சீக்கிரம், சீக்கிரம்” என்பார். லைட்டைப் போட்டால் பிள்ளை பிறந்திருக்கும். பாட்டு ஆரம்பிக்கும்.

பிறகு நர்ஸிங் படிக்கப் போனேன். முதன்முதலில் ஒரு பிரசவத்தைப் பக்கத்தில் நின்று பார்த்த இரவு எனக்கு அந்த நாடகம்தான் ஞாபகம் வந்தது. அணைத்துப் போட்டது இதைத்தானா என்று நினைத்தேன். பனிக்குடம் உடைந்த தண்ணீர், ரத்தம், கட்டில் கம்பியைப் பிடித்த கை, பிள்ளை வந்த பிறகும் நஞ்சுக்கொடி வரும்வரை யாரும் மூச்சுவிடாமல் காத்திருக்கும் அந்த நேரம், எல்லாம் முடிந்ததும் தாய்க்கு உடம்பெல்லாம் வருகிற நடுக்கம். விடுதிக்கு வந்து பைபிளில் லூக்கா எழுதிய நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு வசனம். பெற்றாள், துணியில் சுற்றினாள், முன்னணையில், அதாவது மாட்டுத் தீவனத் தொட்டியில், கிடத்தினாள். அவ்வளவுதான். மத்தேயுவின் நற்செய்தியில் அதுகூட இல்லை. மற்ற இரண்டு நற்செய்திகளை எழுதிய மாற்கும் யோவானும் பிறப்பைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை.

என் பதில் இதுதான். அந்த இருட்டான ஒரு நிமிடத்தில் என்ன நடந்தது என்று கதை சொல்லவில்லை. கேட்கிற ஒவ்வொருவரும் தான் பட்டதை, தான் பார்த்ததைக் கொண்டுபோய் அங்கே வைக்கிறார்கள். நான் கொண்டுபோய் வைத்தது ஒரு கேள்வி: பிரசவம் பார்த்தது யார்?

இதைக் கேட்ட முதல் ஆள் நானில்லை என்று பின்னால் தெரிந்தது. யாக்கோபின் பெயரில் வழங்கும் ஒரு பழைய நூல் இருக்கிறது. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, பைபிளில் சேர்க்கப்படாதது. அதில் மரியாளின் கணவர் யோசேப்பு அவளை ஒரு குகையில் விட்டுவிட்டு மருத்துவச்சியைத் தேடி ஓடுகிறார். வழியில் உலகமே அப்படியே நின்றுவிடுகிறது. வானத்தில் பறவை அசையவில்லை. சாப்பிட உட்கார்ந்த வேலைக்காரர்களின் கை பாத்திரத்திலேயே நிற்கிறது. ஆற்றில் வாய் வைத்த ஆட்டுக்குட்டிகள் குடிக்கவில்லை. படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. பிள்ளையின் தலை வெளியே தெரிந்து, முதல் அழுகை கேட்கும்வரை லேபர் ரூமில் இருக்கும் அமைதி எப்படிப்பட்டது என்று தெரிந்த யாரோதான் இதை எழுதியிருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அதே நூலில் சலோமி என்ற பெண் மரியாளின் கன்னிமையை நம்பாமல் கைவிட்டுச் சோதிப்பதும், அவள் கை கருகிப்போவதும், பிள்ளையைத் தூக்கியதும் குணமாவதும் வரும். அந்த இடம் எனக்குப் பிடிக்காது. அப்போதுதான் பெற்றவளை யாரும் அப்படித் தொடக் கூடாது.

கிழக்குத் திருச்சபைகளின் பழைய ஓவியங்களில் இந்த மருத்துவச்சி இருக்கிறாள். மரியாள் சிவப்பு மெத்தையில் களைத்துப் படுத்திருப்பாள். கீழே இரண்டு பெண்கள் பிள்ளையைக் குளிப்பாட்டுவார்கள். யோசேப்பு தள்ளி ஒரு மூலையில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். அந்த யோசேப்பை நான் தினமும் பார்த்திருக்கிறேன். வார்டு வராண்டாவில், பக்கத்தில் ஒயர் கூடையும் பிளாஸ்கும் வைத்துக்கொண்டு, கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்று, தன்னை இல்லை என்றதும் மறுபடி அதே மாதிரி உட்காருகிற புருஷன்மார்கள். நற்செய்திகளில் ஒரு வார்த்தைகூடப் பேசாத அந்த மனிதரைத்தான் வீரமாமுனிவர் ‘வளன்’ என்று தமிழாக்கிப் பாட்டுடைத் தலைவனாக வைத்து, 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். இத்தாலியிலிருந்து வந்த ஒரு சாமியார், பேசாதவரைத் தேர்ந்தெடுத்து ஒரு காப்பியமே எழுதியிருக்கிறார். அவருடைய மனம் கதையில் போய் நின்ற இடம் அது.

மருத்துவச்சி வேண்டாம் என்றவர்களும் உண்டு. பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் அதில் கறாரானவர். அங்கே மருத்துவச்சியும் இல்லை, வேறு பெண்களும் இல்லை, அவளே தாய், அவளே மருத்துவச்சி என்று எழுதினார். தன் கடைசி முப்பத்துச் சொச்சம் வருடங்களை அவர் பெத்லகேமிலேயே கழித்தார். 14ஆம் நூற்றாண்டில் ஸ்வீடனின் பிரிஜித்தா பெத்லகேமுக்குப் போனபோது ஒரு காட்சி கண்டதாகச் சொன்னார்: மரியாள் முழங்காலில் நின்று ஜெபிக்கிறாள், வலியே இல்லாமல் ஒரு நொடியில் பிள்ளை தரையில் ஒளியோடு கிடக்கிறது. அதற்குப் பிறகு ஐரோப்பிய ஓவியங்களில் மரியாள் எழுந்து முழங்கால் போட்டுவிட்டாள். நம் ஊர்க் குடில் செட்டில் இருக்கும் மரியாளும் அப்படித்தானே? பிரிஜித்தா எட்டுப் பிள்ளை பெற்றவர். வலி என்றால் என்ன என்று தெரிந்தவர், இவளுக்காவது அது வேண்டாம் என்று மனதார நினைத்திருப்பார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

வலியை மறைக்காமல் சொன்னது குர்ஆன். என்னோடு வேலை பார்த்த மேலப்பாளையத்து அக்கா ஒருவர்தான் இதை எனக்குச் சொல்லித் தந்தார். நைட் டியூட்டியில், கேஸ் இல்லாத ஒரு நேரத்தில். 19ஆம் அத்தியாயத்துக்குப் பெயரே மர்யம். மர்யம் தனியாக இருக்கிறார். யோசேப்பு கிடையாது, தொழுவம் கிடையாது. வலி அவரை ஒரு பேரீச்ச மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. இதற்கு முன்னாலேயே நான் செத்து, மறந்துபோன ஒன்றாக ஆகியிருக்கக் கூடாதா என்கிறார். கீழிருந்து ஒரு குரல்: கவலைப்படாதே, உன் காலடியில் ஊற்று ஓடுகிறது, மரத்தை உலுக்கு, கனிந்த பழம் விழும், சாப்பிடு, குடி, கண் குளிர்ந்திரு. அக்கா இதைச் சொல்லிவிட்டு, “செத்துப் போயிருக்கலாமேன்னு நம்ம வார்டுல எத்தனை பிள்ளைங்க சொல்லிக் கேட்டிருக்கோம், மர்யம் அலைஹிஸ்ஸலாமும் சொன்னாங்க பாத்தியா” என்றார். அவர்கள் குடும்பங்களில் மாசமான பெண்களுக்காக அந்த அத்தியாயத்தை ஓதுவார்கள். வலி எடுத்து வருகிற பெண்ணின் பையில் பேரீச்சம்பழம் இருக்கும். அதற்கு முன்னால் நான் அதைச் சாதாரணமாகப் பார்த்திருந்தேன்.

என் தம்பி சரித்திர வாத்தியார். அவன் கவனம் தேதிகளில். இயேசு பிறந்தது ஏரோது ராஜா காலத்தில் என்கிறார் மத்தேயு, ரோம ஆளுநர் சிரேனியு குடிமதிப்பு எழுதியபோது என்கிறார் லூக்கா; ஏரோது செத்தது கி.மு. 4இல், சிரேனியு யூதேயாவில் குடிமதிப்பு எழுதியது கி.பி. 6இல், நடுவில் ஒன்பது வருடம் இருக்கிறதே என்பான். பாலனைப் பார்க்க வந்தது மூன்று ராஜாக்கள் என்று எங்கேயும் எழுதவில்லை, காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்று ஆகிவிட்டது என்பான். அவன் சொல்வது சரிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. கொண்டாடவே கூடாது என்று நினைத்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659இலிருந்து 1681 வரை கிறிஸ்மஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். எங்கள் தெருவிலேயே பெந்தெகொஸ்தே வீடு ஒன்றில் அன்றைக்கு ஸ்டார் கட்ட மாட்டார்கள். நாங்கள் கொடுக்கிற முறுக்கை வாங்கிக்கொள்வார்கள்.

தம்பியால் எனக்குக் கிடைத்த பெரிய நன்மை வேறு. கென்னத் பெய்லி என்ற வேத அறிஞர் சொன்னதை அவன்தான் படித்துக் காட்டினான். நம் பைபிளில் ‘சத்திரம்’ என்று இருக்கும் இடத்தில் லூக்கா போட்ட கிரேக்கச் சொல் கத்தலூமா. இயேசு சீடர்களோடு சாப்பிட்ட கடைசி இராப்போஜனம் நடந்த அறைக்கும் அவர் அதே சொல்லைத்தான் போடுகிறார். இயேசு சொன்ன கதையில் நல்ல சமாரியன் காயம்பட்டவனைக் காசு கொடுத்துத் தங்கவைத்த இடத்துக்கு வேறு சொல். அப்படியானால் இடமில்லாமல் போனது வீட்டின் விருந்தினர் அறையில். அந்தக் காலத்துப் பாலஸ்தீனக் கிராம வீடுகளில் ராத்திரி ஆடுமாடுகளையும் அதே வீட்டுக்குள் கொஞ்சம் தாழ்ந்த பகுதியில்தான் கட்டுவார்கள், முன்னணையும் உள்ளேயே இருக்கும். யோசேப்பின் சொந்த ஊர், சொந்த சனம். “அப்ப அந்த வீட்டுப் பொம்பளைங்க கூட இருந்திருப்பாங்கல்ல?” என்று கேட்டேன். “இருந்திருப்பாங்க அக்கா” என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. பன்னிரண்டு வயதிலிருந்து அவளைத் தனியாகவே விட்டுவைத்திருந்தேன்.

இந்தக் கதை வலிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஒரு டிசம்பரில், பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்த ஒரு தாயின் கட்டிலுக்கு நேர் எதிரே குடில் இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்திருந்தாள். ராத்திரியே குடிலைத் தூக்கி வராண்டாவில் வைத்தோம். பெத்லகேமுக்குப் போகிற அதே வழியில்தான் பழைய ஏற்பாட்டில் வருகிற ராகேல் தன் இரண்டாவது பிரசவத்தில் இறந்தாள். அந்தக் கதையில் மருத்துவச்சி இருக்கிறாள். பயப்படாதே, இதுவும் ஆண் பிள்ளைதான் என்கிறாள். ஆனாலும் ராகேல் பிழைக்கவில்லை. ஏரோது குழந்தைகளைக் கொன்றபோது மத்தேயு அழவைப்பது அந்த ராகேலைத்தான். பிள்ளை வேண்டும் என்று அவள் கல்லறைக்கு யூதப் பெண்கள் இன்றைக்கும் போகிறார்கள். 2023 டிசம்பரில் காசாவில் போர் நடந்தபோது பெத்லகேமில் கொண்டாட்டங்களை நிறுத்திவிட்டார்கள். அங்குள்ள லுத்தரன் ஆலயத்தில் பாலன் பொம்மையை உடைந்த கட்டடக் கற்களுக்கு நடுவே, கட்டம்போட்ட பாலஸ்தீனத் துணியில் சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்தபோது அந்தத் தாயின் முதுகுதான் என் கண்ணில் வந்தது.

அப்புறம் ஒரு பாட்டி. அது இதற்கெல்லாம் ரொம்ப வருடம் முன்னால். பேத்தியின் தலைப்பிரசவத்துக்காக வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தார், காதில் பாம்படம், கோயில் கொடை தவிர வேறு எதற்கும் ஊரைவிட்டு வந்ததில்லை என்பார். வார்டில் நாங்கள் குடில் வைத்துக்கொண்டிருந்தோம். மண்ணில் கேழ்வரகு விதைத்துப் புல் முளைத்திருந்தது. பாலன் பொம்மையை எடுத்து வைத்தேன். பாட்டி குனிந்து பார்த்தார்.

“நர்சம்மா, இது யாரு பிள்ளை?”

சொன்னேன். பாதி கேட்கும்போதே, “பேறுகாலம் பாத்தது யாரு?” என்றார். தெரியவில்லை பாட்டி என்றேன். “அவ ஆத்தாக்காரி எங்க? மருந்து இடிச்சுக் குடுக்க யாருமில்லையா?” அதற்கும் என்னிடம் பதில் இல்லை. “மார்கழிப் பனியில வெறும் மேலா கிடத்தியிருக்கியளே” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. துணியில் சுற்றிக் கிடத்தினாள் என்று லூக்கா தெளிவாக எழுதியிருக்கிறார். நம் ஊர்ப் பாலன் பொம்மைகள் எல்லாம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, இடுப்பில் ஒரு துண்டோடு வெறும் உடம்பாகத்தான் இருக்கின்றன. வருடா வருடம் அந்த வசனத்தை வாசித்துவிட்டு அந்தப் பொம்மையையே வைத்துக்கொண்டிருந்தோம்.

பாட்டி பேத்தியின் பையைத் திறந்தார். பிறக்கப்போகிற பிள்ளைக்காகக் கிழித்துத் துவைத்து வைத்திருந்த பழைய வேட்டித் துணிகள் அதில் இருந்தன. புதுத் துணி பச்சைப் பிள்ளையின் தோலுக்கு ஆகாது, பல தடவை வெளுத்த துணிதான் ஆகும் என்று நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அதில் ஒன்றை எடுத்து நாலாக மடித்து, பொம்மையை அதில் வைத்து, கையிரண்டையும் உள்ளே அடக்க முடியாமல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கழுத்துவரை சுற்றிவிட்டார். தலையையும் மூடினார். முகம் மட்டும் தெரிந்தது.

மறுநாள் விடியற்காலையில் பேத்திக்குப் பெண் பிள்ளை பிறந்தது, இரண்டரைக் கிலோ. மூன்றாம் நாள் போகும்போது பாட்டி துணியைத் திருப்பிக் கேட்கவில்லை. குடில் சாமான்களோடு அட்டைப்பெட்டியில் அதுவும் இருக்கிறது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். டிசம்பரில் பெட்டியை இறக்கியதும் இப்போது இருக்கிற பிள்ளைகள் முதலில் அந்தத் துணியை வெந்நீரில் அலசிக் கொடியில் போடுகிறார்களாம்.