மெட்ராஸ் என்றால் எந்த ஊர்? வேர் தேடுவோருக்குக் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் வகையறாவுக்குச் சங்கம் பதிவு செய்ய எத்தனை பேர் வேண்டும்? (தண்டையார்பேட்டை)

பதில்: ஏழு பேர். ரசீதுப் புத்தகத்தை முதல் நாளே அச்சடித்துவிடுங்கள். குலதெய்வக் கோயில் வசூலும் சங்கப் பணமும் ஒரே மஞ்சள் பையில் கிடந்தால், மூன்றாம் வருஷம் பங்காளிகள் ஒருவருக்கொருவர் பத்திரிகை வைக்க மாட்டார்கள்.

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் உறவினர் தன் பெயருக்குப் பின்னால் 'கவெண்டர்' என்று போடுகிறார். இங்கே அப்படி யாரும் இல்லையே? (கொருக்குப்பேட்டை)

பதில்: நம்ம கவுண்டர்தான். முதலியார் அங்கே மூட்லி ஆனார். ஆனால் பட்டத்தை மட்டும் நம்பி உறுப்பினர் அட்டை கொடுத்துவிடாதீர்கள். இங்கே இனிஷியலாக நிற்கும் தகப்பன் பெயர், அங்கே பல வீடுகளில் குடும்பப் பெயராகவே ஒட்டிக்கொண்டது. ஒப்பந்தக் கூலியாகக் கப்பல் ஏறிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு; அந்த ஒப்பந்த எண்ணைக் கேளுங்கள்.

கேள்வி: கொள்ளுத்தாத்தா மெட்ராஸ்காரர், பெயர் முனுசாமி. தென்னாப்பிரிக்கா போனார். முழு விவரம் தரவும். (ராயபுரம்)

பதில்: மாதம் நான்கு கடிதம் இதே மாதிரி வருகிறது. ஐயா, முனுசாமி என்று கூப்பிட்டால் பாதிக் கப்பல் திரும்பிப் பார்க்கும். எந்த வருஷம், தகப்பன் பெயர் என்ன, எண் என்ன? ஒன்றும் இல்லை. அதற்கு மேல் இந்த 'மெட்ராஸ்காரர்'! மெட்ராஸ் அவர் கப்பல் ஏறிய இடம். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன சுமார் ஒன்றரை லட்சம் பேரில் மூன்றில் இரண்டு பங்கு இங்கிருந்து ஏறியவர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆற்காடு, செங்கல்பட்டு என்று உள் ஜில்லாக்களில் பிறந்தவர்கள்.

போன மார்கழியில் டர்பனிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. துறைமுகச் சுவரைத் தொட்டுக் கண்கலங்கினார்கள். முதல் கப்பல் ட்ரூரோ 1860 அக்டோபரில் புறப்பட்டபோது இங்கே துறைமுகமே கிடையாது, பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகில் அலையைத் தாண்டித்தான் கப்பலுக்குப் போக வேண்டும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அப்புறம் அந்த அம்மா பையிலிருந்து கப்பல் பட்டியலின் நகலை எடுத்தார். ஜில்லா வட ஆற்காடு, தாலுகா வந்தவாசி, கீழே கிராமத்தின் பெயர், இடது முழங்காலில் தழும்பு. எல்லாம் அதிலேயே இருக்கிறது! நான்கு நாள் மெட்ராஸில் ரூம் வாடகை கொடுத்திருக்கிறார்கள். வந்தவாசிக்குப் பஸ்ஸில் மூன்று மணி நேரம். பட்டியலைக் கடைசி வரி வரை படியுங்கள் என்று எத்தனை தடவை எழுதுவது?

கேள்வி: டி.என்.ஏ. சோதனை செய்தால் ஊர் தெரியுமா? (பெரம்பூர்)

பதில்: தெரியாது. தூரத்துச் சொந்தக்காரர்கள் கிடைக்கலாம், அவ்வளவுதான். அந்தக் காசில் பாட்டியின் ஊருக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

கேள்வி: மொரீஷியஸ் போனவர்களுக்கு எங்கே தேடுவது? (திருவொற்றியூர்)

பதில்: அங்கே மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணப் பிரிவில். எண்ணோடு போனால் வேலை சுலபம். அதிர்ஷ்டம் இருந்தால் போட்டோவே கிடைக்கும்.

கேள்வி: அறுபதுகளில் ரங்கூனிலிருந்து வந்தோம். அப்பாவின் காகிதங்கள் நொறுங்குகின்றன. லேமினேட் செய்யலாமா? (வியாசர்பாடி)

பதில்: வேண்டாம், வேண்டவே வேண்டாம். என் தாத்தாவின் சான்றிதழை ஒரு கடையில் கொடுத்தேன். சூட்டில் சுருங்கி, மடிப்பில் இருந்த ஊர்ப் பெயர் மறைந்தே போயிற்று. பிரிக்கவும் முடியாது. மொபைலில் இரண்டு பக்கமும் படம் எடுத்துவிட்டு, வெள்ளைத் தாளில் தனித்தனியாக வைத்துத் தகரப் பெட்டியில் போடுங்கள். அம்மா இருக்கிறார்கள் என்றால் இன்று சாயங்காலமே பக்கத்தில் உட்கார்ந்து, ரங்கூனுக்கு முன்னால் எந்த ஊர் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.