பங்களா யாருக்குத் தெரியும்?

அன்புள்ள ஐயா,
குன்னூர் பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். தேர்வில் ‘பங்களோ’வுக்குப் பொருள் கேட்டிருந்தேன். மாடி இல்லாத வீடு என்பது விடை. பாதிப் பிள்ளைகள் ‘பெரிய துரை வீடு’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பங்களாவைப் பற்றி என்ன தெரியும்? இது தமிழ்ச்சொல்தானா என்றும் சொல்லுங்கள்.

அன்புள்ள ஆசிரியருக்கு,
தமிழ்ச்சொல் இல்லை. வங்காளத்துப் பாணி வீடு என்ற பொருளில் இந்துஸ்தானியிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் வாய்க்குப் போனது. எல்லாச் சொல்லுக்கும் நம் பேரில் பட்டா கேட்காதீர்கள்.

மாடி விஷயமும் சரிதான், இங்கிலாந்தில். அங்கே அது படியேற முட்டி ஒத்துழைக்காத வயதானவர்கள் தேடி வாங்கும் சிறிய வீடு. இங்கே கதை வேறு. 1822இல் கோயம்புத்தூர் கலெக்டர் சலிவன் துரை ஊட்டியில் கட்டத் தொடங்கியதை ஜனங்கள் ‘கல் பங்களா’ என்றார்கள். இன்று அது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது.

ஆனால் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று கேட்டீர்களே, அதை விட மாட்டேன். நான் லைன் வீட்டில் பிறந்தவன். அம்மாவுக்குத் தோட்டத் துரையின் பங்களாவில் வேலை. அறைக்கு அறை கணப்பு. விடிவதற்குள் சாம்பல் அள்ளி, விறகு அடுக்கி வைக்க வேண்டும். பாதி எரிந்த கரித்துண்டுகளை மடியில் கட்டிக்கொண்டு கொல்லைப்புறமாக வருவாள். ஜூலை மழையில் எங்கள் அடுப்பு எரிந்தது அந்தக் கரியில்தான். எத்தனை சிம்னி, எதில் புகை அடைக்கும், எந்த ஜன்னல் கொக்கி நிற்காது என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். அங்கே படுத்துத் தூங்கிய துரைக்குத் தெரிந்திருக்காது.

அப்புறம், பங்களா என்பது எங்களுக்கு வெறும் வீடும் இல்லை. “பங்களாவுல கூப்பிடுறாங்க” என்று மேஸ்திரி வந்து நின்றால் அப்பா தோள் துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டுவார். செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் பேர் நிற்குமா, லைன் வீடு மிஞ்சுமா என்று அவர் திரும்பி வரும்வரை வீட்டில் யாரும் சோற்றில் கை வைக்க மாட்டோம். “பங்களா என்ன சொல்லுது?” என்றுதான் அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். கட்டடம் பேசும் ஊர் அது. இந்த அர்த்தம் உங்கள் அகராதியில் இருக்கிறதா, பாருங்கள்.

உங்கள்மேல் கோபமில்லை. விடைத்தாளைத் திருத்திவிட்டு ஓர் ஊர்க்காரனுக்கு எழுதிக் கேட்கத் தோன்றியதே, நல்ல வாத்தியார்தான் நீங்கள். அடுத்த முறை கேள்வியில் ‘இங்கிலாந்தில்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த முறை அந்தப் பிள்ளைகளுக்கு முழு மார்க் போட்டுவிடுங்கள்.